அளக்காத இரண்டு டிகிரி

பச்சைக் களிமண்ணைக் கட்டைவிரலால் பிஸ்டனின் தலையில் அமுக்கி ஒட்டி, ஓரத்தை நகத்தால் வழித்துவிட்டு, லியாகத் அலி அடுத்த உருண்டையை எடுக்கிறார். இது சிவப்பு. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகிற இன்டேக் வால்வுக்கு நேராகப் பச்சை, புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் வால்வுக்கு நேராகச் சிவப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யானையும் வாத்தும் பிடித்து விளையாடுகிற அதே களிமண்தான். தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்காரர் இவருக்கு ஏகப்பட்ட பேரப் பிள்ளைகள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். எஞ்சினுக்கு என்று இவர் சொன்ன பிறகு, கொஞ்சம் தள்ளி நின்றே களிமண்ணை எடுத்துக் கொடுக்கிறார்.

ஒட்டி முடித்ததும் எஞ்சினின் மேல்பாகத்தை, அதாவது ஹெட்டை, கசிவு இல்லாமல் இருக்க நடுவே வைக்கிற கேஸ்கட்டில் பழையது ஒன்றைப் போட்டு மூடி முடுக்குகிறார். நீளமான ஸ்பேனரை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். கண்ணை மூடுவது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "தொறந்து வச்சா கவனம் கண்ணுக்குப் போயிருது யக்கா. கைக்குத்தான் தெரியணும்" என்றார். சுற்றி முடித்ததும் போட்டதையெல்லாம் மறுபடி கழற்றுகிறார். களிமண்ணில் வால்வுகள் பதிந்த இரண்டு பிறைகள் இருக்கின்றன. அவற்றை அரை பிளேடால் பர்ஃபி நறுக்குகிற மாதிரி நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் மெலிந்த இடத்தைத் தேடிப் பிடித்து அளக்கிறார். அளந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வாராம்.

எஞ்சின் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். மற்றவர்களுக்கு, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறிவருகிற நேரத்தில் மேலேயிருந்து வால்வு கீழே இறங்குகிறது. ஒண்டுக் குடித்தனத்துக் குளியலறை வாசல் மாதிரி, ஒருவர் வெளியே வரும்போதே இன்னொருவர் உள்ளே நுழைகிறார். நாம் ஓட்டுகிற வண்டியில் இடம் தாராளம். ரேஸ் வண்டியில் வால்வை இன்னும் ஆழமாக, இன்னும் கூடுதல் நேரம் திறக்கவிட்டு, பிஸ்டனையும் உயர்த்திப் பவரைப் பிழிந்தெடுக்கிறார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவே நகக்கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி மிஞ்சுகிறது. அது போதுமா என்று பார்க்கத்தான் களிமண். போதாவிட்டால் பிஸ்டன் தலையில் வால்வுக்கென்று ஒரு பள்ளம் வெட்டுவார். அளக்காமல் விட்டால், ஓடுகிற ஓட்டத்தில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

லியாகத் அலியின் கடை பூனாவில் போபோடி என்கிற பகுதியில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் கோழிக் கடை. அவருடைய அத்தா, அதாவது அப்பா, கடையநல்லூரிலிருந்து இங்கே பக்கத்திலிருக்கிற கடக்கிக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். இவர் பிறந்ததே இங்கேதான். ஆகவே இவருடைய தமிழ் கடையநல்லூரில் கிளம்பி, வழியில் இந்தியையும் மராத்தியையும் ஏற்றிக்கொண்டு வரும். என் ஸ்கூட்டர் கடகடவென்று சத்தம் போட்டபோதுதான் முதலில் இவரிடம் போனேன். ஸ்கூட்டரெல்லாம் தொடமாட்டேன் என்றார். ஆனால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சைலன்ஸர் போல்டு லூஸு. அந்த முக்குல இருக்கவன்கிட்ட போங்க" என்று அனுப்பினார். அவர் சொன்னது தப்பு. போல்டு சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத் திரும்பி வந்தவள்தான், சண்டை போட்டுச் சிநேகமாகிவிட்டேன்.

அடக்கம் என்பது அவர் கடையில் கிடைக்காத சாமான். "பூனால எஞ்சின் கட்டுதவன் ஆயிரம் பேரு இருக்கான் யக்கா. அளந்து கட்டுதவன் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுவிட்டு, நான் வேறு பெயர் சொல்லிவிடுவேனோ என்று என் வாயையே பார்ப்பார். யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அவர் கேட்பது ஒரே கேள்வி. "அளந்தியா?" வண்டி இழுக்கவில்லை என்று வந்து நிற்கிற பையன்களிடம் கேட்பார். தண்ணீர்த் தொட்டி நிறையவில்லை என்று மாடியிலிருந்து குரல் கொடுக்கிற மனைவி சைனபுவிடமும் கேட்பார். எனக்கு மூட்டுவலி என்றேன். டாக்டர் எதை வைத்து அளந்தார் என்று கேட்டார். உங்களைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று நேராகவே சொன்னேன். மனுஷன் சந்தோஷமாகச் சிரித்தார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதாவிட்டால் நான் எழுதி என்ன பிரயோஜனம்? போன மாதம் விஷயத்தைச் சொன்னேன். "உங்களைப் பத்திப் பத்திரிகையில எழுதப்போறேன் பாய், ஒரு போட்டோ வேணும்." முகம் மலரும், உள்ளே ஓடிப்போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, கீழே விழாத எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். "என்னத்துக்கு யக்கா அதெல்லாம்" என்றார், மேசைக்கு அடியிலிருந்து.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. சந்தைப் பார்த்தபடி இருக்கும் அவருடைய நாற்காலி இப்போது சுவரைப் பார்த்துக் கிடந்தது. நாலு எட்டில் டீக்கடை இருந்தும், டீ மாடியிலிருந்துதான் வந்தது. தேஜஸ் என்று ஒரு மராத்திப் பையன், ரேஸ் ஓட்டுகிறவன், வாசலில் பைக்கை நிறுத்தி, "சாச்சா, உங்களை மாதிரி எஞ்சின் கட்ட ஆளே கிடையாது" என்று இந்தியில் புகழ்ந்தான். சாச்சா என்றால் சித்தப்பா. பழைய லியாகத் அலியாக இருந்தால் அவனுக்கு வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கிக் கொடுத்து இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருப்பார். இவர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, போ போ என்றார். நான் இருந்தவரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு "அளந்தியா" கூட வரவில்லை. உடம்புக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சைனபு டீ கொண்டு வந்தார். என்னை அவர் லாத்தா என்பார், அக்கா என்று அர்த்தம். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, புருஷன் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "இவுகளைப் பத்தி நல்லதா எழுதிராதிய லாத்தா. தாங்க மாட்டாக. ஏற்கெனவே ராத்திரி சோறு எறங்கல."

"உள்ள போ சைனபு" என்றார் லியாகத் அலி.

"போறேன். அந்தப் புள்ளைக்கு இன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுரும். அதுக்குப் பொறவு நீங்க ஆயுசுக்கும் செவுத்தப் பாத்தே ஒக்காந்து கெடங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் புள்ளை, என்ன முடியப்போகிறது என்று கேட்டேன். லியாகத் அலி மேல்தட்டிலிருந்து பழைய பனியன் துணியில் சுற்றிய ஒரு பிஸ்டனை எடுத்து என் மடியில் வைத்தார். அதன் தலையில் பளபளவென்று ஒரு தழும்பு, உளியால் கொத்தின மாதிரி.

கதை இதுதான். தினேஷ் என்று சென்னைக்காரர் ஒருவர், ஐ.டி. கம்பெனியில் பெரிய உத்தியோகம், சொந்த ஆசைக்கு ஒரு சின்ன பைக் ரேஸ் டீம் வைத்திருக்கிறார். எஞ்சின் கட்டுவது லியாகத் அலி. வண்டி ஓட்டுவது ரீனா. பூனாவின் லோஹேகாவில் வளர்ந்த பெண், பேசுகிற அளவுக்குத் தமிழ் வரும், அப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்தவர். கோயம்புத்தூரில் நடந்த ரேஸுக்காக லியாகத் அலி ஒரு எஞ்சினைக் கட்டினார். களிமண் வைத்து அளந்தார், பள்ளம் வெட்டினார், திரும்ப அளந்தார், புதுக் கேஸ்கட் போட்டு மூடினார். வண்டியை ஏற்ற டெம்போ வந்து சந்து முனையில் நின்றது. அப்போது தினேஷிடமிருந்து போன். வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை பத்தாது, ஏதாவது செய்ய முடியுமா?

"முடியும்னேன்" என்றார் லியாகத் அலி. "வால்வத் தொறக்குற கேம் ஷாஃப்ட ரெண்டு டிகிரி முன்னால தள்ளுனா இழுவை கூடும். மேல் மூடியத் தொறந்து பல்லுச் சக்கரத்தக் கொஞ்சம் நகத்துனாப் போதும். நகத்துனேன். ஆனா அப்படி நகத்துனா இன்டேக் வால்வு சீக்கிரமாத் தொறக்கும், பிஸ்டனுக்கு இன்னும் கிட்ட வரும். திரும்பக் களிமண் வச்சுப் பாக்கணும். ஹெட்டக் கழத்தணும். அந்தப் புதுக் கேஸ்கட் வீணாப் போவும், வேற கேஸ்கட் கைல இல்ல. டெம்போக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கான்."

"அளக்கலையா?" என்றேன்.

"கையால சுத்திப் பாத்தேன். தட்டல."

"தட்டலைன்னா சரிதானே?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கையால சுத்தும்போது எல்லாம் ஒழுங்காத்தான் போவும் வரும் யக்கா. நெசமான வேகத்துல இரும்பும் ஒரு நூல் நீளும். அதுக்காகத்தான் எடமே விடுதது. இத நான் எத்தன பேருக்குச் சொல்லிருக்கேன்."

கூடவே லியாகத் அலியும் போனார். ரேஸில் ரீனா முன்னால் போனவனை ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாளாம். நேர் ரோட்டில், முழு வேகத்தில், ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது எல்லா டீம்காரர்களும் சுற்றி நின்றார்கள். என்ன ஆச்சு பாய் என்று தினேஷ் கேட்டார். லியாகத் அலி எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார். கியர் தப்பிவிட்டது. மேலே போட வேண்டியதைக் கீழே போட்டுவிட்டாள், எஞ்சின் தாங்காத வேகத்துக்குப் போய்விட்டது. பெண் பிள்ளை ஓட்டினால் இப்படித்தான் என்று பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்போ அப்படித்தான் நெனச்சேன் யக்கா, நெசமாவே. பொய் சொல்லணும்னு சொல்லல. இங்க வந்து தொறந்தப்பொறம்தான் தெரிஞ்சுது. கியர் தப்புனா எக்ஸாஸ்ட் வால்வுதான் அடி வாங்கும். அது மூட நேரமில்லாம நிக்கும், பிஸ்டன் தொரத்திட்டுப் போய் அடிக்கும். இதுல பாருங்க, எக்ஸாஸ்ட் பக்கம் சுத்தம். அடி பூரா இன்டேக் பக்கம். நான் தள்ளுன ரெண்டு டிகிரிதான்."

பிஸ்டனை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். துணியில் சுற்றாமல் கையிலேயே வைத்திருந்தார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்கவேண்டாம் என்று இருந்தேன். அவரே சொன்னார்.

"தொறந்து பாத்த மறுநாள் அந்தப் புள்ள வந்துச்சு. கைல பேடா டப்பா. சாரி சாச்சா, உங்க எஞ்சின ஒடச்சுட்டேன்னுச்சு. அழுதுட்டே நிக்கி. பரவால்லம்மா, பழகப் பழகச் சரியாயிரும்னேன். டப்பாவ நீட்டுச்சு. எடுத்துத் தின்னேன் யக்கா. இந்த வாயாலதான் தின்னேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிநேகிதர்மேல் இப்படிக் கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அவரைப் பார்க்கப் பார்க்கக் கோபப்படவும் முடியவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலிக்குள் குறுகிப்போய்க் கிடந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தப்பு, மறுநாள் சொல்லியிருந்தால் ரெண்டு தப்பு, இப்போது எண்ணி மாளாது என்றார். யார் முகத்திலும் முழிக்க முடியவில்லை என்றார். அடுத்த ரேஸுக்கு ரீனாவுக்குப் பதில் தேஜஸை ஓட்டவைக்கலாம் என்று தினேஷ் யோசிக்கிறாராம். வருஷத்தின் கடைசி ரேஸ். இன்று சாயங்காலம் எல்லா டீம்காரர்களும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் பெயரைப் போட்டுவிடுவார்.

பிறகு நிமிர்ந்து, ஏதோ வழி கிடைத்துவிட்ட குரலில் சொன்னார். "நீங்க எழுதுங்க யக்கா. இத எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க, போட்டோவும் தாரேன்."

"தாராளமா எழுதறேன்" என்றேன். "உங்க ரேஸ்காரங்கள்ல தமிழ்ப் பத்திரிகை எத்தனை பேர் படிக்கிறாங்க பாய்? அந்தப் பொண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? நல்ல சௌகரியமான இடமாப் பாத்துத்தான் ஒப்புத்துக்கறீங்க."

சொல்லியிருக்க வேண்டாம்தான். வாயிலிருந்து வந்துவிட்டது. அவருடைய முகம் காது வரைக்கும் சிவந்தது. பிஸ்டனைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார், துணி நழுவிக்கொண்டே இருந்தது.

வாசலில் பைக் சத்தம். வந்து இறங்கினது ரீனாவேதான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒல்லியாக, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையுடன் இருந்தாள். என்னைப் பார்த்து நமஸ்தே என்றாள்.

"சாச்சா, ஒரு ரிக்வெஸ்ட். தினேஷ் சார்கிட்ட இன்னொரு சான்ஸ் கேட்டிருக்கேன். குடுப்பாரான்னு தெரியல. குடுத்தா, எனக்கு மட்டும் ஒண்ணு பண்ணுவீங்களா? பிஸ்டன் மேல வால்வுக்கு பள்ளம் பண்ணுவீங்கல்ல, அத இன்னும் டீப்பா பண்ணிடுங்க. பவர் கம்மியானா சலேகா, பரவால்ல. மறுபடி நான் ஏதாச்சும் தப்பு, கல்தி பண்ணிட்டா, உங்க எஞ்சினாவது பொழைக்கும்."

மாடிப்படியில் சைனபு வந்து நின்றதைப் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

லியாகத் அலி ஏதோ சொன்னார். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்கவில்லை.

"க்யா சாச்சா? கேக்கல."

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ கல்தி பண்ணலம்மா" என்றார், இந்தத் தடவை சந்து வரைக்கும் கேட்கிற மாதிரி. "கியரு தப்பல. நான் கடைசியில கேமத் தள்ளுனேன், அளக்காம அனுப்பிட்டேன். வால்வு அதனாலதான் அடிச்சுது. நீ சரியாத்தான் ஓட்டுன."

பனியன் துணியைப் பிரித்து பிஸ்டனை நீட்டினார். ரீனா வாங்கிக்கொண்டாள். இன்டேக் பக்கத்துத் தழும்பை அவர் விரலால் காட்டினார், சுத்தமாக இருந்த மறுபக்கத்தையும் காட்டினார். அவள் ஓட்டுகிறவள், சொல்லாமலே புரிந்துகொண்டாள். கட்டைவிரலைத் தழும்பின்மேல் வைத்துத் தேய்த்தபடி நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நான் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன்.

"நான் வீட்டுல வண்டிய ஸ்டாண்ட் போட்டு டெய்லி கியர் போட்டுப் போட்டுப் பாக்கறேன்" என்றாள். "அப்பா விடு விடுங்கறாரு. எனக்கு என் கால் மேல பரோசாவே, நம்பிக்கையே போயிடுச்சு சாச்சா."

"தெரியும்மா."

"பேடா கொண்டு வந்தேனே, அப்ப உங்களுக்குத் தெரியாதுல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராக நின்றாள், முகத்திலேயே தெரிந்தது. நான் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் லியாகத் அலி. "நீ வாரதுக்கு மொத நாளே தொறந்து பாத்துட்டேன்."

ரீனா பிஸ்டனை மேசைமேல் வைத்தாள். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டப் போனாள், மாட்டவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, கோபத்தில் வருகிற தண்ணீர். அவர் மன்னிப்பு என்று ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நேரே பக்கத்துப் பட்டறைக்குப் போய், கொஞ்சநேரம் நிறுத்தச் சொன்னார். லேத் இழுத்து இழுத்து நின்றது. லேத்துக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார், என்னவோ ஏதோ என்று.

லியாகத் அலி போனை எடுத்தார். பிஸ்டனை வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ பிடித்தார். குரூப்பில் அதைப் போட்டுவிட்டு, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இந்தியில் பேசினார். கோயம்புத்தூரில் ரீனா கியரைத் தப்பவிட்டாள் என்று நான் சொன்னது பொய். கேமைத் தள்ளிவிட்டு அளக்காமல் அனுப்பியது நான். வந்து திறந்த நாளே எனக்குத் தெரியும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். நடுவில் குரல் உடைந்தது. விரலை எடுக்காமல் அப்படியே சொல்லி முடித்தார்.

அனுப்பிக் கொஞ்ச நேரத்துக்குள் தினேஷ் கூப்பிட்டார். லியாகத் அலி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"என்ன பாய் பண்ணி வச்சிருக்கீங்க? மொதல்ல அத டெலிட் பண்ணுங்க. என்கிட்ட தனியா சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டேனா? மத்த டீம்காரங்க கேட்டா உங்க கடை பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அந்தப் புள்ள பேரு என்னத்துக்கு ஆச்சு தினேஷு?" என்றார் இவர்.

"சரி, ரீனாவே ஓட்டட்டும். நான் குரூப்ல போடறேன்" என்றார் தினேஷ். "ஆனா பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை எஞ்சின நான் வேற எடத்துல குடுத்துக்கறேன். அளக்காம அனுப்பறதுன்னா எப்படி?"

"குடு" என்றார் லியாகத் அலி. "எங்க குடுத்தாலும் களிமண் வச்சுப் பாத்தானான்னு கேட்டு வாங்கு."

லைன் போனது. சைனபு படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லேத்துக்காரர் திரும்பிப் போனார், ஆனால் லேத்தை ஓட்டவில்லை. மேசைமேல் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் விடாமல். ஒவ்வொரு அதிர்வுக்கும் அது மேசையில் இம்மி இம்மியாக நகர்ந்தது. லியாகத் அலி அதன் பக்கம் திரும்பாமல் நின்றார்.

ரீனா குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் வாசித்தது என்னவென்று எனக்குத் தெரியாது. வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

லியாகத் அலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். போனைத் திருப்பி, திரை மேலே தெரியும்படி வைத்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.